அந்த ஆமெனைத் திரும்ப எடுத்துக்கொள்

தம்பிக்கு,

நாளையோடு இரண்டு வருஷம். எதற்கு என்று உனக்குத் தெரியும். அம்மாவும் சபையில் சிலரும் இதைப் படிப்பார்கள், அதனால் நீ எதற்காகப் பணம் கேட்டாய், எவ்வளவு கேட்டாய் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீ பேசி முடிக்கும்வரை உன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொடுத்திருப்பேன், அது எனக்கு அப்போதே தெரியும். ஒரு தலையணை உறையை நாலாக மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். அப்புறம் பைபிள் வசனம் சொன்னேன். "போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்." 1 தீமோத்தேயு 6:6 என்று அதிகாரத்தையும் சேர்த்துச் சொன்ன ஞாபகம். நீ "ஆமென், அக்கா" என்றாய். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

பணம் இல்லை என்று நான் பொய் சொல்லவில்லையே, அதையாவது யோசித்தாயா? இருந்தது. பிள்ளையின் படிப்புக்கென்று வைத்திருந்தேன். அதற்கு முன் நீ வாங்கியது எதுவும் திரும்பி வந்ததும் இல்லை. சரி, இதை இங்கே எழுதியிருக்கக் கூடாது. ஆனால் நீயும்தான் கஷ்டம் வந்தால் மட்டும் அக்கா வீட்டு வழியைக் கண்டுபிடிக்கிறாய். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் உன்னிடமிருந்து ஒரு போன் வந்ததா?

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு தேவன் அன்றன்றைக்குக் கொடுத்த ஆகாரம் மன்னா; அதை மீதி வைத்தபோது பூச்சிபிடித்து நாறியது என்று யாத்திராகமத்தில் இருக்கிறது. என் பணத்துக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஒழுங்காக வட்டி வந்தது. எனக்குத்தான் போதவில்லை. நீ போன அன்று ராத்திரியே இதைவிடப் பெரிய வீடுகளைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம், பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி சபைக்கு எழுதின நிருபத்தில் பிலிப்பியர் 4 வாசித்தேன். "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்ற வசனத்தோடு வழக்கமாக நிறுத்திவிடுவேன். இந்த முறை கீழேயும் படித்தேன். பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதுகிறார், அந்தச் சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவரின் கையில் கொடுத்தனுப்பிய உதவியை வாங்கிக்கொண்டு எழுதுகிறார். மூன்றே வசனம் தள்ளி, என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்கிறார். போதும் என்பதை அவர் தன்னைப் பற்றித்தான் சொன்னார். கை நீட்டி வந்தவனைப் பார்த்துச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டவர் சொன்ன வார்த்தையை நான் கொடுக்காமல் இருப்பதற்குச் சொல்லியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வசனம் பொய் என்று நீ நினைத்துவிடுவாயோ என்பதுதான் இப்போது பயம். அது உண்மைதான், நான் அதைச் சொன்ன நேரம்தான் தப்பு.

இன்று காலை நீ அன்று கேட்டதை அனுப்பியிருக்கிறேன். இப்போது உனக்கு அது தேவையில்லை என்று அம்மா சொன்னாள். இருக்கட்டும், திருப்பி அனுப்பாதே. அந்த ஆமெனை மட்டும் திரும்ப எடுத்துக்கொள். "போ அக்கா" என்று கத்து, பரவாயில்லை.

உன் அக்கா