எங்கள் ஒற்றை அறைக்குச் சந்தோஷம் கொண்டுவந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

போன மாதம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினேன். புவியியல் சிறப்புப் பட்டம். அன்றைக்கும், அதற்குப் பிறகு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோதும், என்னைப் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "கல்யாணமும் கட்டி, வாடகை அறையில இருந்து, எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சிருக்கு பிள்ளை." அன்பில் சொன்ன வார்த்தை, நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் வேறு. வீட்டுக்கார நெந்தாவின் (சிங்களத்தில் அத்தை) விறகடுப்பில் பலாப்பிஞ்சு வேகும் மணம். சனிக்கிழமை பஸ்ஸில் வரும் நீலப் பை. பூந்தோட்டத்தில் ஒரு கடலைச் சுருளை இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகள்.

நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். கையில் காசு புழங்கிய காலம் இல்லை அது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தோம், அதற்கு நீங்கள்தான் காரணம். படிக்க உதவியவர்களுக்கு நன்றி சொல்வது வழக்கம். படிக்கிற காலத்தில் எங்களைச் சிரித்துக்கொண்டு வாழ வைத்தவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நெந்தா. உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது, என் புருஷன் இவர் வாசித்துச் சிங்களத்தில் சொல்வார்.

2022 தையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பு கொரோனாவால் என் கம்பஸ் படிப்பில் பாதி, தேயிலை மலை உச்சியில் சிக்னல் தேடி உட்கார்ந்து போனில் நடந்தது. கல்யாணத்தோடு இவர் கொழும்புக் கடை வேலையை விட்டுவிட்டுக் கண்டியில் ஒரு புடவைக்கடையில் சேர்ந்தார். மாசி வெயிலில் இரண்டு பேரும் கலஹா வீதியில் அறை தேடி அலைந்தோம். இரண்டு வீடுகளில் "தோட்டப் பக்கம்" என்று சொன்னதுமே அறைக்கு ஏற்கனவே ஆள் வந்துவிட்டது என்றார்கள். மூன்றாவதாக ஹிந்தகலையில் உங்கள் வாசலில் நின்றோம் நெந்தே. நீங்கள் ஊரைக் கேட்கவில்லை, பேரைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லி, பிளேன்டியும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகுதான் அறையின் சாவியை எடுத்தீர்கள். அன்றைக்கே என்னை "துவே" என்று கூப்பிட்டீர்கள். மகளே என்று கூப்பிட இங்கேயும் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

நாங்கள் குடிவந்து ஒரு மாதத்தில், பொருளாதார நெருக்கடியில் நாடே வரிசையில் நின்றது. கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் போனது. ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. அப்போது அம்மா நாள் முழுக்கக் கொழுந்து பறித்தால் சம்பளம் 1,000 ரூபாய். ஒரு சிலிண்டருக்கு அம்மா ஐந்து நாள் மலை ஏற வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு, எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் நீங்கள் கதவைத் தட்டி, "இனி ஒரே அடுப்புதான், உங்கள் சட்டியைக் கொண்டு வா" என்றீர்கள். ஒரு வார்த்தை கூட நாங்கள் உங்களிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

அந்த அடுப்படியில்தான் நான் குடித்தனம் பண்ணப் பழகினேன். பலாப்பிஞ்சைக் கொறுக்காய்ப்புளி போட்டு, மண்சட்டியில், தணல் நெருப்பில் மணிக்கணக்காக வேக வைத்தால்தான் பொலொஸ் கறிக்கு அந்த நிறம் வரும் என்று காட்டித் தந்தீர்கள். கறி வேகும் நேரத்தில் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து நான் நோட்ஸ் வாசிப்பேன். காற்று வீசினால் உங்கள் குப்பி விளக்கை என் பக்கம் நகர்த்தி வைப்பீர்கள். தென்மேல் பருவக்காற்றும் வடகீழ் பருவக்காற்றும் எந்தெந்தச் சரிவில் மழையைக் கொட்டும் என்ற பாடம் எனக்கு இன்றைக்கும் புகை மணத்தோடுதான் நினைவு வருகிறது.

அடுத்தது, ஹட்டன் கண்டி பஸ்ஸின் கண்டக்டர் அண்ணன். உங்கள் பேரை இங்கே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. ஆனால் அந்த நீலப் பையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது அண்ணே.

சனிக்கிழமை விடிய தம்பி அதை ஹட்டன் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து உங்கள் கையில் தருவான். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை எல்லாம் தாண்டி அது பேராதனைச் சந்திக்கு வரும்போது நான் ரோட்டோரம் நிற்பேன். பையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. நாங்கள் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் அப்பா போட்ட லீக்ஸ், கரட். பழைய பால்மாப் பையில் கட்டிய தேயிலைத் தூள். வாழையிலையில் சுற்றிய ரொட்டியும் கட்டச் சம்பலும். ரொட்டி ஆறிப்போயிருக்கும், நெந்தாவின் தணலில் ஒரு நிமிஷம் வாட்டினால் அம்மா சுட்ட மணம் திரும்பி வந்துவிடும். அந்தத் தேயிலைத் தூளில் போட்ட தேத்தண்ணியை மூன்று பேரும் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து குடிப்போம். கண்டியில் எத்தனையோ கடைகளில் நல்ல தேத்தண்ணி குடித்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமைத் தேத்தண்ணிக்கு ஈடாக ஒன்றையும் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் கூட நீங்கள் அதற்குக் காசு வாங்கவில்லை. டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) இருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசனில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, அப்போதும் பை நசுங்காமல் வந்தது. ஒரு தடவை கினிகத்தேனையில் பஸ் நின்றுபோனபோது, பின்னால் வந்த பஸ்ஸில் பையை ஏற்றிவிட்டு, அந்த பஸ்ஸின் நம்பரை எனக்குப் போனில் சொன்னீர்களே. வழியில் நின்ற அத்தனை பயணிகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் என் ரொட்டியையும் ஞாபகம் வைத்திருந்தீர்கள்.

மாமி, இது உங்களுக்கு. கல்யாணம் முடிந்து ஆறு மாதம் ஆனதும், மலைத் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் எல்லாரும் கேட்கத் தொடங்கினார்கள், "மருமகளுக்கு விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு குடத்தைப் பிடித்தேன். நீங்கள் தண்ணீரை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, "படிக்கிறா. படிப்பு முடியட்டும். என் வீட்டுக்கு எப்ப பிள்ளை வரணும்னு நாங்க பார்த்துக்கிறோம்" என்றீர்கள். அன்றைக்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் என்னை அடுப்படிக்கு விடாமல், இஸ்தோப்பில் புத்தகத்தோடு உட்கார வைப்பீர்கள். நீங்கள் ஐந்தாம் வகுப்போடு நின்று மலையில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தவர் என்று இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. ஊரே வாயைத் திறந்தபோது முன்னால் வந்து நின்றீர்கள். அந்தத் தைரியத்தில்தான் நான் புருஷனோடு கவலையில்லாமல் சிரித்துப் பேசி வாழ்ந்தேன் மாமி.

கம்பஸில் குப்பி போட்ட அக்காமாருக்கும் கூட்டாளிகளுக்கும். வெளியே இருப்பவர்களுக்குக் குப்பி என்றால் விளக்கு. எங்களுக்கு அது, பரீட்சைக்கு முன்பு தெரிந்தவர் தெரியாதவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது. ஆங்கிலத்தில் மட்டும் கிடைத்த புத்தகங்களை யாழ்ப்பாணத்து அக்கா வரி வரியாகத் தமிழில் விளக்கினார். மட்டக்களப்புத் தோழி வரைபடம் கீறக் கையைப் பிடித்துப் பழக்கினாள். நான் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டியவள் என்று தெரிந்து குப்பியைப் பின்னேரம் மூன்று மணிக்கு மாற்றினீர்கள். கல்யாணம் கட்டியவள் என்று என்னை ஒரு நாளும் ஒதுக்கி வைக்கவில்லை. சரசவி உயன ஸ்டேஷன் பக்கம் நடந்துபோய் சும்மா ரயில் பார்க்கப் போனாலும் என்னையும் கூப்பிட்டீர்கள்.

இவருடைய முதலாளிக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை நாட்களில் ஐந்து மணிக்கே இவரை அனுப்பினீர்கள், சம்பளத்தில் கை வைக்கவில்லை. எவ்வளவு வியாபாரம் இருந்தாலும் ஞாயிறு லீவைத் தொடவில்லை. அந்த ஞாயிறுகள் எங்களுக்கு என்னவாக இருந்தன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் ஐயா.

காலையில் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும். சமையல் இவர். துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, என் மகாபொல உதவித்தொகைக் காசு வந்த மாதம் என்றால் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போவோம். அப்போது மாதத்துக்கு 5,000 ரூபாய், அதில் இரண்டு டிக்கட்டும் ஒரு கடலைச் சுருளும் எங்கள் ஆடம்பரம். 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடும். வௌவால்கள் பகலிலும் கீச்சிட்டுக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். நாங்கள் நேராகப் போவது குடை மாதிரி விரிந்த அந்தப் பெரிய ஜாவா அத்தி மரத்தடிக்கு. கடலை முடியும் வரைக்கும் உட்கார்ந்திருப்போம். இவர் கடைக்கு வந்த சேலைகளின் கதை சொல்வார், நான் ஆறுகளின் கதை சொல்வேன்.

ஒரு தடவை லைப்ரரியில் வாசித்துவிட்டு வந்து இவரிடம் சொன்னேன்: தேயிலைச் செடி முதன்முதலில் இந்த நாட்டுக்கு வந்தது 1824 இல், இதே பூந்தோட்டத்துக்கு. ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டது அதற்குப் பிறகு, 1867 இல். இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரு நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வரணும்" என்றார். பட்டமளிப்புக்கு மறுநாள் கூட்டிப்போனோம். புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார் அம்மா. "இங்க இருந்துதானா நம்ம மலைக்கு வந்துச்சு" என்று இரண்டு தடவை கேட்டார்.

கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்தது எங்கள் தோட்டத்துப் பீலிகள். எத்தனை இருக்கின்றன, எது வற்றும், எது வற்றாது, எந்த லயம் எதை நம்பியிருக்கிறது என்று வரைபடம் போட வேண்டும். தலைப்பைச் சொன்னபோது எங்கள் விரிவுரையாளர் சேர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "உனக்குத்தான் அது தெரியும், நீயே செய்" என்றார். அந்த ஒரு வரியை நம்பித்தான் வேலையைத் தொடங்கினேன். பிறகு தெரிந்தது, எனக்குப் பாதிதான் தெரியும், மீதி உங்களுக்குத்தான் தெரியும் என்று. பெரியம்மா, அத்தைமார், மேட்டு லயத்து அக்கா, நீங்கள் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கால் வலியோடு, என்னைக் கூட்டிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கினீர்கள். மொத்தம் 11 பீலி. தை தொடங்கி பங்குனி வரைக்கும் அதில் நான்கு வற்றும். நான் கருவி வைத்துப் பார்த்துச் சொல்வதற்கு முன்பே, பாறை ஓரத்தில் வளர்ந்திருக்கும் செடியைப் பார்த்து, "இது வற்றாது பிள்ளை" என்று சொன்னீர்கள். சொன்னபடியே இருந்தது. ஆய்வின் முதல் பக்கத்தில் உங்கள் ஒவ்வொருவர் பேரையும் எழுதியிருக்கிறேன். ஒரு பிரதி தோட்டத்து வாசிகசாலையில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

தப்பால்கார தாத்தாவுக்கும் சொல்ல வேண்டும். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாத இடத்தில், என் கம்பஸ் கடிதத்தை ஆபீசில் கிடக்க விடாமல், மலை மேல் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

இவருக்கு நன்றி என்று எழுதினால் "எனக்கு எதுக்கு?" என்று கேட்பார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், நான் எழுதுவதைப் பார்த்துவிட்டார், கேட்டும்விட்டார். சரி, மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை சம்பலுக்குத் தேங்காய் துருவியதற்கு என்று வைத்துக்கொள்ளட்டும்.

கண்டக்டர் அண்ணே, வருகிற சனிக்கிழமை நாங்கள் தோட்டத்துக்கு வருகிறோம். இந்தத் தடவை நெந்தாவும் வருகிறார், ஹட்டனுக்கு மேலே அவர் வந்ததே இல்லை. பேராதனைச் சந்தியில் நிற்போம். நெந்தாவுக்கு ஜன்னல் பக்கம் ஒரு சீட் பார்த்து வையுங்கள். நீலப் பை எங்கள் கையில் இருக்கும், உள்ளே அம்மாவுக்கும் மாமிக்கும் பொலொஸ் கறி.

அன்புடன்,
உங்கள் பிள்ளை