கெணத்து மேட்டுப் பேரி

ஏற்காடு
ஆவணி

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கறது. நானும் பாட்டியும் சௌக்கியம். நீயும் மருமகளும் சௌக்கியமா இருப்பீங்கன்னு நெனைச்சுக்கறேன். போன் போட்டா "மீட்டிங்ல இருக்கேன்மா"ங்கறே. லெட்டரை அப்படிப் பாதியில வெக்க முடியாதில்ல, அதான் எழுதறேன்.

கெணத்து மேட்டுப் பேரி மரம் இலையாக் கொட்டுது. போட்டோ அனுப்புனதுக்குக் கட்டைவிரலைத் தூக்கி ஒரு பொம்மை போட்டே. அதை வெச்சு நான் என்ன பண்றது சாமி? ஏழாவது படிக்கறப்பவே காப்பி இலையைத் திருப்பி, அடியில இருந்த மஞ்சப் பொடியைத் தொட்டு, "இது துரு நோய்ப்பா"ன்னு அப்பாகிட்டச் சொன்னவன் நீ. இன்னிக்கும் பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்ககிட்டக்கூட அதைச் சொல்லிக்கிட்டுத்தான் வர்றேன்.

மொதல்ல டவுன்ல ஒரு மருந்துக் கடையில கேட்டேன். இலையைப் பாக்காமலே ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுனான், பூச்சி மருந்து. வாங்காம வந்துட்டேன். என்ன நோவுன்னு தெரியாம மருந்து அடிக்கறதாவது! அப்புறம் நல்ல இலை, புள்ளி விழுந்த இலை, மஞ்சளான இலைன்னு பறிச்சுப் பையில போட்டுக்கிட்டு நம்ம தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கே போயிட்டேன். அங்க இருந்த பொண்ணு பொறுமையா லென்ஸ் வெச்சுக் காட்டுச்சு. மொதல்ல செவப்பும் ஊதாவுமாச் சின்னப் புள்ளி. பெருசானதும் பழுப்பாகி, நடுவுல கருகின கடுகாட்டம் ஒரு முண்டு. அந்த முண்டு இருந்தா இலைப்புள்ளி நோய், பூஞ்சாணம். இலை ஓரம் மட்டும் தீஞ்சிருந்தா தண்ணிக் கொறையோ சாம்பல் சத்து, அதான் பொட்டாஷ், கொறையோ இருக்கலாம். நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் கொப்புளமாத் தடிச்சு, செவப்பா இருந்து கருத்துப் போச்சுன்னா அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை. அதுக்குக் கந்தகம்தான் கேக்கும், மயில்துத்தம் கேக்காது. நம்முளுது பூஞ்சாணம்தான். கீழ்க் கிளையில, உள்பக்கம் இருக்கற இலையிலதான் மொதல்ல புடிச்சுது. நான்தான் மேலயே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

மழைதான் காரணமாம். ஒரு இலையில இருந்து தெறிக்கற தண்ணியிலயே அடுத்த இலைக்குப் போயிடுமாம். நம்ம மலையில ஆடி மாசம் மழையும் மஞ்சும் விட்டுச்சுன்னாத்தானே இலை காயறதுக்கு. கிழக்கால இருக்கற சில்வர் ஓக்குல கீழ்க் கிளையை வெட்டச் சொல்லியிருக்கேன், காலை வெயில் விழட்டும்னு. அதுல ஏறுன மொளகுக் கொடி போச்சுன்னு பாட்டி மொனகுது.

ஆடின்னதும் ஞாபகம் வருது. ஆடிக்குன்னு மருமகளை அவங்க வீட்ல வந்து அழைச்சுக்கிட்டுப் போனாங்கன்னு சொன்னே. தலை ஆடி எப்பவோ முடிஞ்சுதே கண்ணு. கேக்கலாம்னு நெனைச்சேன், கேக்கலை. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கீழ எறங்குனப்ப சம்பந்தியம்மாவைப் பாத்தேன். பூ வாங்கிக் குடுத்தாங்க. காப்பி விலை என்னன்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் பேசலை. நேரத்துக்குச் சாப்புடு. ஓட்டல் சோறு ஒனக்கு ஆகாது.

மருந்து சொல்றேன், குறிச்சுக்க. அப்பா காப்பிக்கு அடிப்பாரே, அதே போர்டோ கலவை. காப்பிக்கு அரை சதம், இதுக்கு ஒரு சதம். நூறு கிராம் மயில்துத்தத்தை அஞ்சு லிட்டர் தண்ணியில கரைக்கணும், பிளாஸ்டிக் வாளியில. நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அஞ்சு லிட்டர்ல நீத்து ஆற விடணும். துத்தத் தண்ணியைத்தான் சுண்ணாம்புல ஊத்தணும், மாத்தி ஊத்துனா திரிஞ்சுடும். தீட்டுன அரிவாளை முக்கி எடுத்தா செம்பு நெறம் ஏறக்கூடாது. ஏறுனா இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பு. கலக்குன அன்னிக்கே அடிச்சுடணும், இலைக்கு அடிப்பக்கமும் நனையணும். இப்ப அடிச்சா காயெல்லாம் நீலம் பூத்துக் கெடக்கும், அதனால காய் எறக்குன பின்னாடி ஒரு தடவை. மார்கழி, தை வாக்குல இலை கொட்டி மொட்டு வெடிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை. விழுந்த இலையைத் தெனம் கூட்டி எரிக்கறேன். அதை எருக்குழியில போட்டா நோவு அதுலயே தங்கியிருந்து மறு வருசம் கெளம்பி வருமாம்.

இதையெல்லாம் நீ வந்து செஞ்சா ஒரு பொழுது வேலை. ஆள் வெச்சும் செய்யலாம். ஆனா ஸ்பிரேயர் பம்பு அப்பாவுக்கப்புறம் ஒன் கைக்குத்தான் சொன்னபடி கேக்குது. பேங்க்ல மேனேஜரே எந்திரிச்சு ஒங்கிட்டப் பேசறாருன்னு மாமா சொன்னப்ப எனக்குத் தலைகால் புரியலை. பெத்தவகிட்டப் பேசத்தான் நேரமில்லைங்கறே. நேரத்துக்குச் சாப்புடு, ராத்திரி முழிக்காத.

காய் கொஞ்சம்தான் தேறும். கரும்புள்ளி விழுந்ததை ஊறுகாய்க்கு ஒதுக்கிட்டேன், நல்லதைப் பெங்களூரு பஸ்ஸுல போட்டு விடறேன். ஒரு பையா ரெண்டு பையான்னு மட்டும் சொல்லு. ஒண்ணுன்னா ஒண்ணுன்னு சொல்லு, ஏன்னு கேக்க மாட்டேன். ரெண்டுன்னா, ரெண்டாவது பையை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டாம். சேலத்துலயே நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன். அவளுக்கு உப்பும் மொளகாத்தூளும் தொட்டுக் கடிக்கற காய்தான் புடிக்கும், பழுத்துட்டா தொட மாட்டா. அதனால வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடு.

அம்மா