தம்பிக்கு வேலை தந்தவர்களுக்கு நன்றி

பாகான் டாலாம் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் குடும்பம் கடந்து வந்ததை நீங்கள் அறிவீர்கள். அதை மீண்டும் இங்கே எழுதப் போவதில்லை. பிறையில் உள்ள கிடங்கில் தம்பியின் வேலை நிரந்தரமாகிவிட்டது என்ற கடிதம் நேற்றுக் கைக்கு வந்தது. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, அந்தக் கிடங்கின் மேற்பார்வையாளர் அம்மையாருக்கு. ஹெராயின் போன்ற போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான மெதடோன் சிகிச்சையில் தான் இருப்பதை நேர்காணலில் தம்பி மறைக்காமல் சொன்னபோது, அவர் பழையது எதையும் கிளறவில்லை. "கிளினிக் எத்தனை மணிக்குத் திறப்பாங்க தம்பி?" என்று மட்டும் கேட்டாராம். மெதடோன் நாளுக்கு ஒரு வேளை குடிக்கும் திரவ மருந்து. சிகிச்சையில் நிலைபெற்று, வீட்டுக்கு எடுத்துச் செல்லும் அனுமதி கிடைக்கும்வரை, கிளினிக் பணியாளரின் கண்ணெதிரில்தான் அதைக் குடிக்க வேண்டும். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் தொடங்கிய சிகிச்சைதான் இது. ஆனாலும் வேலை தருபவர்களில் எத்தனை பேர் இதை அறிந்திருக்கிறார்கள்? ஏழு மணி ஷிப்டுக்குப் போனால் மருந்து தவறும், மருந்துக்குப் போனால் வேலை போகும் என்ற இழுபறியில்தான் முன்பு கிடைத்த வேலைகள் கைநழுவின. அந்த அம்மையாரோ, சரக்கு லாரிகள் எப்படியும் ஒன்பது மணிக்கு மேல்தான் வருகின்றன என்று சொல்லி, சரக்கைச் சரிபார்க்கும் பிரிவில் அவனைச் சேர்த்து, அட்டவணையில் அவன் பெயருக்கு நேரே 9.30 என்று எழுதினார். காரணத்தை மற்றவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவன் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். இம்மடலும் அவன் படித்துச் சம்மதித்த பிறகே வெளிவருகிறது.

கிளினிக் மருந்தாளர்களுக்கும், ஏ.ஏ.டி.கே. எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் ஆலோசகருக்கும், வேலை விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பித் தந்த பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) அதிகாரிக்கும், மோட்டார் சைக்கிளை இரவல் தந்த பக்கத்து வீட்டு மாமாவுக்கும், கோயிலில் எங்கள் அம்மாவைத் தனியே நிற்க விடாத பெண்மணிகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

"முதலில் முழுசாகக் குணமாகட்டும், வேலையைப் பிறகு பார்க்கலாம்" என்று அன்பால் சொன்னவர்களும் உண்டு. ஆனால், செய்வதற்கு ஒன்றுமில்லாத நண்பகல்களே அவனை அதிகம் அலைக்கழித்தன என்பதை வீட்டிலிருந்து பார்த்தவள் நான். சிகிச்சை ஒரு பக்கம் நடக்க, வேலையும் கூடவே நடந்ததால்தான் அவன் ஊன்றி நின்றான் என்று உறுதியாக நம்புகிறேன்.

தீபாவளிக்கு முன் எங்கள் கேட்டரிங் சமையலறைக்கு ஆள் தேவைப்படும். சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்கு அதில் இடம் தருவேன்; அதிகாலை வேலை அவர் பங்கில் விழாதபடி நானே பார்த்துக்கொள்வேன்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா,
பட்டர்வொர்த், பினாங்கு