பண்டகசாலைச் சாவி

அன்புள்ள கயல்,

போன வாரம் போனில் கேட்டாயே, "கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய இடத்தில் கவர்மென்ட் எப்படிப்பா நடந்திருக்கும், எல்லாம் சவுக்கும் தூக்கும்தானே?" என்று. சவுக்கும் தூக்கும் இருந்தன. ஆனால் முதல் ஐந்து வருஷம் சிட்னியைக் கட்டி மேய்த்தது பண்டகசாலைதான். போனில் சொன்னால் பாதியில் விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

1788 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து கைதிகளோடு 11 கப்பல்கள் வந்து சேர்ந்தபோது ஊரில் கடை இல்லை, சந்தை இல்லை, புழங்கக் காசும் இல்லை. வாராவாரம் அளந்து போட்டார்கள். ஆண் கைதிக்கு மாவு 7 பவுண்டு, அதாவது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். உப்பிட்ட மாட்டிறைச்சி 7 பவுண்டு, அது இல்லாவிட்டால் பன்றியிறைச்சி 4 பவுண்டு. பட்டாணி 3 பைன்ட், வெண்ணெய் 6 அவுன்ஸ். பெண்களுக்கு இதில் மூன்றில் இரண்டு பங்கு. காவலுக்கு வந்த சிப்பாய்க்கும் கைதிக்கும் ஒரே அளவு. சிப்பாய்க்குச் சாராயம் மட்டும் கூடுதல். நம்மையும் திருடனையும் ஒரே தராசில் நிறுக்கிறானே என்று கவர்னர் ஆர்தர் ஃபிலிப் மேல் சிப்பாய்களுக்குத் தீராத மனத்தாங்கல்.

விளைவித்துச் சாப்பிடலாம் என்றுதான் திட்டம். ஒவ்வொன்றாகக் கெட்டது. கோதுமை விதை கப்பலின் அடித்தட்டில் மாதக்கணக்கில் வெந்துபோய் முளைக்கவே இல்லை. யூகலிப்டஸ் மரத்தில் பட்ட கோடரி வாய் மழுங்கியது. மரத்தை வெட்டினாலும் வேர்க்கட்டை அப்படியே கிடக்கும், அதற்கு நடுவே மண்வெட்டியால்தான் கொத்த வேண்டும். கேப் டவுனில் வாங்கிவந்த மாடுகள் அதே வருஷம் காட்டுக்குள் ஓடிவிட்டன. மாடில்லாமல் எரு ஏது? அந்த மணல் மண்ணில் எருவில்லாமல் என்ன விளையும்? (1795இல் தென்மேற்கே அந்த மாடுகளைக் கண்டுபிடித்தார்கள், அறுபதுக்கு மேல் பெருகி நன்றாகக் கொழுத்திருந்தன. மனுஷனைவிட அவற்றுக்கு ஊர் ஒத்துக்கொண்டது.)

1789 நவம்பரில் ரேஷனை மூன்றில் இரண்டாகக் குறைத்தார்கள். சரக்கு ஏற்றிவந்த 'கார்டியன்' கப்பல் டிசம்பரில் பனிப்பாறையில் மோதியது. 1790 மார்ச்சில் 'சிரியஸ்' கப்பல் நார்ஃபோக் தீவில் உடைந்தது. ஏப்ரலில் தலைக்கு வாரம் இரண்டரை பவுண்டு மாவு, 2 பவுண்டு அரிசி, 2 பவுண்டு பன்றியிறைச்சி என்றானது, கவர்னர் உட்பட. ஃபிலிப் தன் சொந்த மாவையும் பொதுவில் கொடுத்துவிட்டார். இறைச்சி உப்பிட்டு மூன்று நான்கு வருஷமானது. வேகவைத்தால் பாதியாகச் சுருங்கிவிடும் என்று முள்கரண்டியில் குத்தி அனலில் வாட்டினார்கள். சொட்டும் கொழுப்பை ரொட்டியிலோ சோற்றிலோ ஏந்திக்கொண்டார்கள். அரிசி மணி ஒவ்வொன்றிலும் வண்டு. வயிறு காய்ந்தவனிடம் முழுநாள் வேலை வாங்க முடியாது, வேலை நேரத்தையும் குறைக்க வேண்டியதாயிற்று. வேலை குறைய விளைச்சலும் குறைந்தது. பஞ்சம் தன்னைத்தானே தின்று வளர்ந்தது இப்படித்தான்.

இந்த நிலையில் சாவி யாரிடம் என்பதுதானே அரசியல்? 1789 மார்ச்சில் ஒருநாள் காலை பண்டகசாலைப் பூட்டுக்குள் உடைந்த சாவித்துண்டு ஒன்று சிக்கியிருந்தது. கொல்லனிடம் காட்டினார்கள், யார் கொடுத்த சாவி என்று அடையாளம் சொல்லிவிட்டான். காவலுக்கு நின்ற சிப்பாய்களே கள்ளச்சாவி செய்து, தங்களில் ஒருவன் முறைக்காவலில் இருக்கும் இரவுகளில் உள்ளே புகுந்திருந்தார்கள். ஒருவன் அப்ரூவரானான், ஆறு பேரைத் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஊரை நான்காகப் பிரித்து இரவுக்காவல் போட்டார்கள். காவலர் 12 பேர், அத்தனை பேரும் கைதிகள். திருட்டு குறைந்தது. "கைதி எங்களைப் பிடிப்பதா?" என்று சிப்பாய்கள் கொதித்ததால் அந்த அதிகாரத்தை மட்டும் பிறகு எடுத்துவிட்டார்கள்.

சட்டசபை என்று எதுவும் கிடையாது, 1824 வரை கவர்னர் சொன்னதுதான் சட்டம். குற்ற வழக்குகளை ஜட்ஜ் அட்வகேட் என்ற நீதி அதிகாரியும் வேறு ஆறு அதிகாரிகளும் விசாரித்தார்கள். ஜட்ஜ் அட்வகேட் டேவிட் காலின்ஸ் சட்டம் படித்தவரே அல்ல. அந்தக் காலத்தில் ஒரு அதிசயம் நடந்தது. ஹென்றி கேபிள், சுசன்னா என்ற கைதித் தம்பதியின் மூட்டை கப்பலில் காணாமல் போனது. இங்கிலாந்தில் இவர்களைப் போல மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட முடியாது. இங்கே 1788 ஜூலையில் 'அலெக்சாண்டர்' கப்பலின் மாலுமித் தலைவன் மேல் வழக்குப் போட்டார்கள், 15 பவுண்டு நஷ்டஈடும் வாங்கினார்கள். காலனியின் முதல் சிவில் வழக்கு அதுதான்.

இப்போது உன் பேட்டைக்கு வருகிறேன். பரமட்டா பக்கம் மண் கொஞ்சம் தேவலை. தண்டனைக்காலம் முடிந்த ஜேம்ஸ் ரூஸ் என்பவனுக்கு ஃபிலிப் 1789 நவம்பரில் அங்கே நிலம் கொடுத்துப் பரீட்சை பார்த்தார். ஒரு குடிசை, விதை, கருவி, சில பன்றி, கோழி. ரூஸ் வெட்டிய மரத்தை அங்கேயே எரித்துச் சாம்பலை மண்ணோடு கொத்தினான். ஒரு நாளைக்கு ஐந்து சென்ட், மிஞ்சினால் ஐந்தரை, அதற்கு மேல் கொத்த மாட்டான். சர்க்கார் பண்ணையில் மண்ணைச் சும்மா பிறாண்டிவிட்டுப் போனார்கள். இவன் கட்டியை உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே புதைத்து, முடிந்தவரை வெயிலில் காயப்போட்டு, விதைக்கும் முன் மறுபடி புரட்டினான். வைக்கோலைக் குழியில் போட்டு மக்கவைக்கவும் திட்டம் வைத்திருந்தான். நம் ஊர்க் குடியானவனுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை, ஆனால் அந்தக் கூட்டத்தில் விவசாயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 1791 பிப்ரவரியில் "இனி எனக்கு மாவு ரேஷன் வேண்டாம்" என்றான். 30 ஏக்கர் பட்டா கிடைத்தது.

யார் நிலத்துக்கு யார் பட்டா என்பதையும் மறந்துவிடாதே. அந்த ஆற்றங்கரை புரமட்டகல் மக்களுடையது, பரமட்டா என்ற பெயரே அவர்களுடையதுதான். ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. அவர்கள் மீன் பிடித்த துறைகளில் வெள்ளையர் வலை போட்டார்கள். 1789 ஏப்ரலில் பெரியம்மை வந்து துறைமுகத்தைச் சுற்றி இருந்தவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. ரேஷன் கணக்கேட்டில் இந்தப் பசிக்கு இடமே இல்லை.

1792 டிசம்பரில் ஃபிலிப் கப்பலேறியதும் சாவி கைமாறியது. அடுத்து பொறுப்பேற்ற பட்டாளத் தலைவர் கிரோஸ், அதிகாரிகளுக்கு நிலமும் உழைக்கக் கைதிகளும் கொடுத்தார், அந்தக் கைதிகளுக்குச் சாப்பாடு பண்டகசாலைக் கணக்கில். காசில்லாத ஊரில் அந்த அதிகாரிகள் மொத்தமாக வாங்கி வைத்த ரம்மே கூலியாகவும் விலையாகவும் ஓடியது. அதை அடக்கப் பார்த்த கவர்னர் பிளையை 1808 ஜனவரி 26இல் பட்டாளமே கைது செய்தது.

பிறகு வந்த கவர்னர் மக்குவாரி 40,000 ஸ்பானிய வெள்ளி டாலர் வரவழைத்தார். 1812இல் அந்தப் பெட்டிகள் கப்பலேறியது நம் சென்னைப்பட்டணத்தில்! காசு வெளியூருக்கு ஓடிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் நடுவையும் தட்டி எடுத்தார்கள். வளையம் 5 ஷில்லிங், நடுத்துண்டு 15 பென்ஸ். மியூசியத்தில் பார்த்தால் படம் எடுத்து அனுப்பு.

ரூஸ் தன் நிலத்தை 1793இல் 40 பவுண்டுக்கு விற்றுவிட்டான். வாங்கியவர் பட்டாளத்து டாக்டர் ஜான் ஹாரிஸ். நீ மளிகை வாங்கப் போகும் ஹாரிஸ் பார்க் அவர் பெயர்தான். அங்கே ரூஸ் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய வீடு இருக்கிறது, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய்ப் பார். ரூஸ் குடியிருந்த வீடு என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. அதை 1830களில் ஹாரிஸ்தான் கட்டினார்.

அன்புடன்,
அப்பா