திகதியை மட்டும் பார்த்த ரீச்சருக்கும் மற்றவர்களுக்கும்

கிளிநொச்சி வட்டக்கச்சியிலிருந்து எழுதுகிறேன். நேற்றோடு நான் டயறி எழுதுகிற நாலாவது கொப்பி முடிந்தது. கதை கவிதை ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து வரி, வயல், மாடு, ஆர் வந்தார் ஆர் போனார், அவ்வளவுதான். ஆனால் ஜனவரி முதலாம் திகதி டயறி தொடங்கிப் பொங்கலுக்கு முன்னரே மூடிவிடுகிற ஆள் நான், இது ஊரறிந்த விசயம். ஆகவே இதில் ஆருடைய கை எவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும்.

முதலில் கடைக்கார அண்ணைக்கு. 2022 மார்ச் முடிகிற நேரம், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம், மேல் மாகாணத்தில் கடதாசி இல்லையென்று பள்ளிக்கூடச் சோதனையையே தள்ளிப்போட்டார்கள். கொப்பி விலையைக் கேட்டுவிட்டுச் சயிக்கிளைத் திருப்பினேன், கூப்பிட்டுப் பாதி எழுதின பழைய கடன் கொப்பி ஒன்றைத் தந்தீர்கள். முன்பக்கம் ஊராரின் சீனிக்கடன், பின்பக்கம் என் நாட்கள். (ஆர் எவ்வளவு தரவேணும் என்பது இன்னும் என்னிடம் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.)

ரீச்சர், உங்களுக்கு என்ன சொல்ல? சனிக்கிழமை பின்னேரம் கொப்பியை வாங்குவீர்கள், ஒரு வரியும் வாசிக்கமாட்டீர்கள், திகதிகளை மட்டும் விரலால் தட்டிக்கொண்டே போவீர்கள். ஒருமுறை சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை இரவில் வந்து, வரம்பிலேயே விடிந்து, மூன்று நாள் விடுபட்டுப்போனது. வெள்ளிக்கிழமை இரவு இருந்து மூன்றுக்கும் சேர்த்து எழுதிக்கொண்டு வந்தேன். "தம்பி, இது ஒரே இருப்பில எழுதினது, எழுத்தின் சாய்வைப் பாரும்" என்றீர்கள். ஐம்பது வயதில் வகுப்புக்கு வெளியே நிற்கவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்குப் பிறகு கள்ளத் திகதி போட்டதில்லை.

அந்தக் கோபத்தில் விடப்பார்த்தேன். அறிவியல்நகர்க் கம்பசில் படிக்கிற மருமகள்தான் மறித்தாள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வதெல்லாம் சும்மா, 2009இல் லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை கணக்கு வந்ததாம், நடுவாக 66. ஒரு நாள் தவறினால் ஒன்றும் கெட்டுப்போகாது என்பதும் அதிலேயே இருக்கிறதாம். "மாமா நீங்கள் 254 கட்சி" என்றாள். சரி, இருக்கட்டும். ஆனால் ஏற்கெனவே நடக்கிற ஒன்றின் பின்னால் எழுத்தைக் கட்டிவிடச் சொன்னாள் பாருங்கள், அதுதான் என்னைக் காப்பாற்றியது. பசுவுக்குப் பின்னால் கன்று போகிறமாதிரி, விடியப்புறப் பிளேன்ரீக்குப் பின்னால் கொப்பி.

அந்தப் பிளேன்ரீ தானாக வரவில்லை. ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுகிற மனைவிக்கு இதை வாசித்துக் காட்டினால், "காணும், மாட்டை அவிழுங்கோ" என்பார்.

2009 யுத்தத்தில் வழியில் விட்டுவிட்டு வந்த பழைய டயறிகளைப் பற்றி இங்கே வேண்டாம்.

அண்ணை, அதற்குப் பிறகு வாங்கின மூன்று கொப்பிக்கும் காசு தரவில்லை. மறக்கவில்லை, எழுதி வைத்திருக்கிறேன். சிறுபோக நெல்லு வித்ததும் வருகிறேன், ஐந்தாவதை எடுத்து வையுங்கோ.