வெயில் படாத சுவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீ கேட்ட படங்கள் தயார். போனில் அனுப்பினால் நீலக் குறி விழும், அதோடு சரி. அதனால் பிரிண்ட் போட்டு, கூடவே இந்தக் கடிதத்தையும் வைத்து கூரியரில் அனுப்புகிறேன்.

முதலில் ஒரு விஷயம். சுவர் எத்தனை அடி அகலம்? "புது வீட்டுச் சுவர் காலியா இருக்கு, பழைய மவுண்ட் ரோடு படம் இருந்தா அனுப்புங்கப்பா" என்று மட்டும் எழுதியிருந்தாய். வீடு மாறியிருக்கிறாய் என்பதே எங்களுக்கு அந்த வரியில்தான் தெரிந்தது. ஹாலில் மாட்டப் போகிறாயா, படுக்கிற அறையிலா, இல்லை எல்லாமே ஒரே அறைதானா என்று தெரிந்தால்தானே சைஸ் முடிவு பண்ண முடியும்? நானாக 12-க்கு 15 இன்ச் போட்டுவிட்டேன். நீ அனுப்பிய அட்ரஸை அம்மா திரும்பத் திரும்பப் படித்தாள். "இவ பேர் மட்டும்தானே இருக்கு?" என்றாள். பார்சல் போய்ச் சேர ஒரு பேர் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டு. கண்ணாடி படத்தின்மேல் ஒட்டக் கூடாது, நடுவில் அட்டை வைத்து ஃபிரேம் போடச் சொல். ஈரம் ஏறினால் படம் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும், பிறகு பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது.

மேலே இருப்பது மவுண்ட் ரோடு ரவுண்டானா. டிராம் கம்பி தெரிகிறது பார். 1895-ல் மெட்ராஸில் மின்சார டிராம் ஓடியபோது இந்தியாவில் வேறெங்கும் அது கிடையாது. 1953 ஏப்ரல் 12-ஆம் தேதியோடு நின்றது, கம்பெனி நொடித்துவிட்டது. அதற்கப்புறம் தாத்தா வாயே திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததும், ஆயா பட்ட பாடும் உனக்குத் தெரிந்த கதைதான். அந்தக் குணம் என்னைத் தாண்டி அடுத்த ஆளிடம் இறங்கிவிட்டது என்கிறாள் அம்மா. நான் சொல்லவில்லை. உங்கள் மெல்போர்னில் ஊர் நடுவே டிராமுக்கு டிக்கெட்டே வேண்டாமாமே? கண்டக்டராக இருந்தவர் கேட்டிருந்தால் அப்போதாவது சிரித்திருப்பார்.

அதே படத்தில் இடது ஓரம் லென்ஸ் வைத்துப் பார். கை ரிக்‌ஷாவுக்குக் கீழே நிழலில் ஒருவர் தூங்குகிறார். மனிதனை மனிதன் இழுக்கும் அந்த வண்டியை 1973-ல்தான் கலைஞர் ஆட்சியில் ஒழித்தார்கள். படம் எடுத்தவருக்கு அந்த ஆள் இருந்ததே தெரிந்திருக்காது. எனக்கு அந்தப் படத்தில் அவர்தான் பிடிக்கும். பிரிண்ட் போடும்போது அந்த மூலை இருட்டிவிடாமல் கொஞ்சம் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த நெகட்டிவ் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. பழைய புத்தகக் கடையில் கண்ணாடி பிளேட்டுகளைப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்கள். சில்லறை இல்லாமல் ஒன்றே ஒன்றுதான் எடுத்தேன், மற்றதைப் பிறகு வாங்கலாம் என்று. 1985 மே மாதம் மார்க்கெட்டே எரிந்துபோனது. இப்போது அந்த இடத்தில்தான் நீ சென்ட்ரலில் லோக்கல் டிரெயின் பிடித்த கட்டடம்.

வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பி மாட்டாதே. போன வாரம் ஒருவர் 'மவுண்ட் ரோடு, 1940' என்று அனுப்புகிறார், பின்னால் எல்.ஐ.சி. 14 மாடியும் நிற்கிறது! அது திறந்ததே 1959-ல். அண்ணா சிலை தெரிந்தால் 1968-க்குப் பிறகு. இப்போது கலர் வேறு பூசி விடுகிறார்கள். தெருவில் போன அம்மாவின் புடவை நீலம் என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

இன்னொரு வேடிக்கை. ரொம்பப் பழைய தெருப் படங்களில் ஆளே இருக்காது. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் மதுரை, தஞ்சாவூர் எல்லாம் எடுத்தார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ், லென்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் நடந்து போகிறவன் மறைந்துவிடுவான், இல்லாவிட்டால் புகை மாதிரி ஒரு கறை. கோபுரம் மட்டும் பதியும். வானம் வெறுமையாக வந்ததால் மேகத்தை நெகட்டிவ் மேலேயே தீட்டினார் மனிதர். நெகட்டிவில் பென்சிலால் திருத்தும் டச்சிங் டேபிளில் ஆயுசைக் கழித்த எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

நீ சமீபமாக அனுப்புகிற படங்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாலம், பூங்கா பெஞ்சு, மழை விட்ட தெரு. நன்றாக எடுக்கிறாய், ஃபிரேமிங்கில் என்னைத் தாண்டிவிட்டாய், இதை எங்கள் பழைய ஸ்டுடியோக்காரர்களிடமும் காட்டினேன். முன்பெல்லாம் ஓரத்தில் ஒரு தோள் தெரியும், இல்லாவிட்டால் உன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு கை. இப்போது எல்லாம் துடைத்தாற்போல் இருக்கிறது. டிரைப்புக்குக் காரணம் இருந்தது. உன் போனுக்கு அந்தக் கஷ்டம் கிடையாதே, பாப்பா.

வேளைக்குச் சாப்பிடு. ஆபீசில் உன்னை டீம் லீடர் ஆக்கியதை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதைக்கூட உன் பெரியம்மா மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம், போகட்டும். சம்பளம் வரும், போகும், உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி மாவாவது கரைத்து இரண்டு தோசை ஊற்றிக்கொள், பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

அந்தக் காலத்து 'அன்றாட வாழ்க்கை' படங்கள் பாதி ஜோடனை. தண்ணீர்க் குடம் தூக்குகிறவள், சவரம் செய்கிறவர் என்று ஆட்களை ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்து, வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார்கள். கல்யாண போட்டோவும் அந்த ஜாதிதான், அசையாதே, சிரி என்றால் சிரிக்க வேண்டும். உன்னுடையதில் கண்ணுக்குக் கீழே கறுப்பு தெரியாமல் பென்சிலால் டச்சிங் பண்ணினவன் நான்தான். அது இன்னும் டி.வி. மேலே இருக்கிறது. இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். எடுத்து வையுங்கள் என்றால் பீரோவில் வைத்துவிடுகிறேன், அம்மாவும் ஏன் என்று கேட்க மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

மறந்துவிடாதே, வெயில் படாத சுவர். ஆணி அடிக்கும் முன் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்.

அம்மா பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டது, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம். நாங்களாக நினைத்துக்கொண்டதுதான். அந்த அறையில் பாய் விரித்தால் இரண்டு பேர் படுக்க இடம் இருக்குமா என்பதையும் சுவர் அளவோடு சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா