அடுக்களை இருட்டு

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவன் அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இங்கே மாங்காய்ப் பருவம் முடியப்போகிறது. பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய லாரிகள் கூழ் ஆலைகளுக்கு இரவெல்லாம் போகின்றன, தெருவே மாங்காய்ப் பால் வாசனையடிக்கிறது. உன் முழங்கால் வலியைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டியிருக்கிறாய். அடுத்த கடிதத்தில் ஒழுங்காக எழுது.

ஆயாவின் அடுக்களையைக் கணினியில் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? ஓசூர், பெங்களூர்க் கட்டுமானக்காரர்களுக்கு வரவேற்பறைப் படம் செய்து பிழைக்கிறவன், இடித்துவிட்ட நம் ஓட்டு வீட்டை ஒரு படமாகவாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அடுப்பு, உறி, பரண், சாணம் மெழுகிய தரை எல்லாம் பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளில் செய்து, கணினி ஒளியைக் கணக்கிட்டுப் படமாக்குகிற ரெண்டர் வேலையை முடித்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "பானையெல்லாம் சரிதான். அந்த மூலையில் ஏது வெளிச்சம்? அங்கே விளக்கே கிடையாதே" என்றார்.

அவர் விரல் வைத்த இடத்தில்தான் நான் ஒரு விளக்கை ஒளித்து வைத்திருந்தேன். மூலை கருப்பாகக் கிடந்ததால், படத்தில் தெரியாத விளக்கு ஒன்றை மிதமாகப் போட்டிருந்தேன். வரவேற்பறைப் படங்களில் தினமும் செய்கிற வேலை அது, யாரும் கேட்டதில்லை. அறுபது வருடம் அந்த மூலையில் விறகு எடுத்தவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

அன்று இரவே ஒளித்து வைத்த விளக்குகளையெல்லாம் அழித்தேன். மொத்தம் நான்கு. மிச்சம் இருந்தவை அடுப்பு நெருப்பும் கதவும் கூரையில் ஒரு கண்ணாடி ஓடும் மட்டும். ரெண்டர் செய்தால் படம் செத்துக் கிடந்தது. கண்ணாடி ஓட்டின் கீழே ஒரு வெள்ளைச் சதுரம், அடுப்பருகே ஆரஞ்சு, மற்றதெல்லாம் கரி. ஆயா வீடு இருட்டுதான், ஆனால் அந்த இருட்டில் அவர் கடுகு பொறுக்குவார்!

பிறகுதான் நீ கொடுத்த பழைய லைட் மீட்டரை எடுத்துக்கொண்டு, எங்கள் தெருக்கோடியில் இன்னும் நிற்கிற ஓர் ஓட்டு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு அம்மாளிடம் கேட்டுக்கொண்டு அடுக்களைத் திண்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். வாசல் வெயிலுக்கும் அடுப்பு மூலைக்கும் மீட்டரில் பதினோரு ஸ்டாப் வித்தியாசம். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் இருமடங்கு என்றால் இரண்டாயிரம் மடங்குக்கு மேல். உனக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோக்காரனாக நீ பட்ட பாடுதான். நான் வியந்தது வேறொன்று. அறைக்குள் வந்த வெளிச்சத்தில் பாதிக்கு மேல் கீழேயிருந்து வந்தது. வெயில் வாசல் மண்ணில் விழுகிறது, அந்தச் செம்மண் அதைக் கதவு வழியாக உள்ளே மேல்நோக்கி எறிகிறது. கதவருகே ஓடுகளின் அடிப்பக்கமும் உத்திரமும் இளஞ்சிவப்பாக ஒளிர்கின்றன. அங்கிருந்து அது சுவருக்கு இறங்கி, மெல்ல மெல்ல அடுப்பு வரை நடக்கிறது.

என் படத்தில் வாசலே இல்லை. கதவுக்கு வெளியே வானத்தை மட்டும் வைத்துவிட்டு, தரை இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். கேமராவுக்குத் தெரியாத மண்ணை எதற்குச் செய்வது என்று நினைத்த புத்தி. மறுநாள் இருபதடிக்கு வாசல் மண் போட்டேன், எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரையும் எழுப்பினேன். ஒரு விளக்கைக்கூடத் தொடவில்லை. கூரையின் அடிவயிறு தானாகச் சிவந்தது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

இந்த நிறம் ஏறுவது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1984-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், பக்கச் சுவர்களுக்கு மட்டும் நிறமடித்த ஒரு வெற்றுப் பெட்டியைக் கணினியில் வரைந்து, அந்த நிறம் பக்கத்து வெள்ளைப் பரப்பில் படிவதைக் காட்டினார்கள். 1986-இல் ஜேம்ஸ் கஜியா, ஒளி ஒவ்வொரு பரப்பிலும் பட்டுப் பட்டுப் போவதை ஒரே சமன்பாட்டில் எழுதினார். இன்று பிளெண்டரில் ரெண்டர் செய்கிற சைக்கிள்ஸ் என்ற பகுதி செய்வதும் அதைத்தான். கேமராவிலிருந்து கதிர்களை அனுப்பி, அவை மோதி மோதி எங்கே வெளிச்சத்தைக் கண்டடைகின்றன என்று தேடுகிறது. தேடுவதற்கு வெளியே ஒரு வாசல் இருக்க வேண்டும், அதை வைக்காததுதான் நான் செய்த பிழை.

அடுத்து சுவர்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்கைத் திருப்பித் தரும், புகைக்கரி ஏறிய சுவர் ஐந்து பங்கு தந்தால் அதிகம். மூன்று முறை பட்டுத் திரும்பினால் சுண்ணாம்பில் பாதி மிஞ்சும், கரியில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. நான் கரிச்சுவரை வெறும் சாம்பல் நிறத்தில் செய்திருந்தேன், அதனால் அறை முழுக்க ஒரு சோகையான மங்கல் பரவியிருந்தது. அடுப்புக்கு மேலே முழுக் கரி, ஆள் உயரத்துக்குக் கீழே பொங்கலுக்குப் பொங்கல் ஆயா அடித்த சுண்ணாம்பு என்று பிரித்ததும், கடுகு பொறுக்குகிற வெளிச்சம் கீழே தேங்கியது, மேலே இருட்டு ஏறி நின்றது. ஆயா சுண்ணாம்பைப் பண்டிகைக்காக அடித்தார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கண்ணாடி ஓட்டின் கீழ் விழுந்த வெள்ளைச் சதுரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. சூரியன் ஒரு புள்ளி இல்லையே, வானத்தில் அரைப் பாகை அகலம். ஓட்டிலிருந்து தரைக்குப் பத்தடி என்றால் சதுரத்தின் விளிம்பு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக மங்க வேண்டும். சூரிய விளக்கின் கோணத்தை 0.53 பாகை என்று வைத்ததும் விளிம்பு இளகியது. அந்த ஒளித்தூணில் புகை சேர்க்கும்போது கை நடுங்கியது. கொஞ்சம் கூடினால் கோயில் கருவறையாகிவிடும். விறகு சாதாரணமாக எரிகிற காலை நேரத்துக்கு எவ்வளவு புகை உண்டோ அவ்வளவுதான் வைத்திருக்கிறேன்.

நெருப்பின் நிறத்துக்கு, ஒளியின் நிறத்தை வெப்பநிலையாகச் சொல்கிற அளவில், 1,900 கெல்வின் வைத்தேன். நெருப்பை அடுப்புக்குள்ளேயே வைத்துவிட்டேன், வாயிலிருந்து வருவது மட்டும் வரட்டும் என்று. களிப்பானை பாதியை மறைக்கிறது. ஓரடியில் விழும் வெளிச்சத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் மூன்றடியில் எட்டும் என்பதால், களி கிளறுகிற துடுப்பின் நுனி சிவந்து அதன் கைப்பிடி வாசல் வெளிச்சத்தின் பக்கம் போய்விடுகிறது. அந்தத் துடுப்பைப் பார்த்ததும் எனக்குக் களியின் சூடு உள்ளங்கையில் தெரிந்தது.

கதவு வழி நுழைகிற கதிர்கள் குறைவு என்பதால் படம் முழுக்கப் பொரி பொரியாக வருகிறது. அந்தப் பொரியைத் துடைக்கிற டீநாய்சரை ஓட்டினால் பொரியோடு கரிச்சுவரின் படலத்தையும் மெழுகிவிடுகிறது. அதனால் அதை நிறுத்திவிட்டு இரவு முழுக்க ஓடவிடுகிறேன். இதை எழுதும்போதும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மா நேற்று மறுபடி பார்த்தார். மூலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பரணுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் தெரியும்" என்றார். எவ்வளவு தெரியும் என்பதற்கு என்னிடம் அளவு இல்லை, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

1997 பொங்கலுக்கு நீ உன் மாமாவின் கேமராவோடு வந்து அடுக்களையில் ஆயாவைப் படம் எடுத்தாயே. ஃபிளாஷ் போட்டு எடுத்தது எங்கள் வீட்டில் சட்டமிட்டு இருக்கிறது. அதில் பாத்திரங்கள் எல்லாம் தெரிகின்றன, வெளிச்சம் தெரியவில்லை. அதற்கு முன் ஃபிளாஷ் எரியாமல் ஒன்று விழுந்தது, கருப்பாக வந்துவிட்டது என்று நீ பிரிண்ட் போடவில்லை. அந்த நெகட்டிவ் உன் ஸ்டுடியோ டப்பாவில் எங்காவது இருந்தால் தேடு. எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. விரைவுத் தபாலில் அனுப்பு, ஸ்கேன் செய்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழன்